கணக்குக் களஞ்சியம் கண்ட மகலனோபிஸ்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயின்றோர்க்கு வல்வில் ஓரியின் நினைவு எழும். கிறிஸ்தவத் தொண்டின் வரலாறு அறிந்தோர்க்கு, 1913-ஆம் ஆண்டு முதல் அம்மலையில் வாழ்ந்து, மருந்தும் கல்வியும் வழங்கி, 1929-இல் காய்ச்சலுக்கு இரையாகிய ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலத் தொண்டரின் நினைவு எழும். ஈண்டு நாம் அம்மலையை நினைத்தது இவ்விரு பெருமைகளையும் கருதியன்று. ஒரு சிறு ஐயத்தைக் கருதியே. அம்மலையின் சரிவுகளில் ஓர் ஆண்டில் சாமை எத்துணை ஏக்கரில் விதைக்கப்பட்டது, ஏக்கருக்கு எவ்வளவு கண்டது என்று சென்னையிலுள்ள ஓர் அதிகாரி அறிய விரும்பின், அவர் அதனை எவ்வாறு அறிவார்?

பண்டு நம் மாகாணத்தில் வழங்கிய முறை இது. கிராமக் கர்ணம் நிலங்களைச் சுற்றி வந்து, சர்வே எண் தோறும் இன்ன பயிர் என்று அடங்கல் ஏட்டில் பதிவார். விளைவைக் கண்ணால் மதித்து, முழு விளைவைப் பதினாறணாவாகக் கொண்டு, இவ்வாண்டு பன்னிரண்டணா என்றோ எட்டணா என்றோ குறிப்பார். கிராமத் தொகை தாலுகாவிற்குச் செல்லும். தாலுகாத் தொகை கலெக்டர் கச்சேரிக்குச் செல்லும். அங்கிருந்து சேப்பாக்கத்து ரெவினியூ போர்டிற்குச் செல்லும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் வாசிக்க மற்றொருவர் எழுதுவார். ஒவ்வொரு படியிலும் ஒரு பூஜ்யம் உதிரக்கூடும், ஒரு வரிசை இடம் மாறக்கூடும். சமவெளியிலாவது வரப்பு உண்டு. மலைச்சரிவில் திருத்தி விதைத்த காட்டிற்கு வரப்பேது? ஏக்கர் எத்தனை என்று வினவினால், இத்தனை படி விதைக்கும் காடு என்றே விடை கிடைக்கும். மதிப்பிட வேண்டியவர் மலையேறாமலே சென்ற ஆண்டின் எண்ணை மறுபடியும் எழுதி வைப்பாராயின், அதனைச் சென்னையிலிருந்து கண்டுபிடிப்பார் யார்?

1980-இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிந்தது. ஏடு போய் விரிதாள் வந்தது. விரிதாள் என்பது கணிப்பொறித் திரையில் தோன்றும் ஏடேயன்றி வேறன்று. பல அலுவலகங்களில் இன்றும் ஒருவர் அனுப்பிய விரிதாளை மற்றொருவர் திறந்து, வெட்டித் தம் விரிதாளில் ஒட்டி, மேலிடத்திற்கு அனுப்புவதைக் காண்கிறோம். பழைய பூஜ்யம் இன்றும் அவ்வாறே உதிர்கிறது. இப்பொழுது கற்றோர் இதற்கு மாற்றாகக் கூறுவது யாதெனின், செய்தி பிறந்த இடத்திலேயே யந்திரத்திற்குள் புகுந்து, இடையில் மனிதர் கை படாமல், தானே சோதிக்கப்பட்டு, தானே தொகுக்கப்பட்டு, ஒரு பொதுக் களஞ்சியத்தில் சென்று சேரவேண்டும் என்பதே. முன்னதைத் தரவுக் குழாய் என்றும், பின்னதைத் தரவுக் களஞ்சியம் என்றும் வழங்குவர். பெயர்கள் புதியன, எண்ணம் அத்துணைப் புதிதன்று. நம் நாட்டில் கையால் எழுதிய கணக்கிலே தொடங்கி, யந்திரக் கணக்கிலே முடிந்த வாழ்வொன்று உண்டு. அது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்னும் வங்காளப் பேராசிரியரின் வாழ்வு. அதனைச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தது. பாட்டனார் குருசரணர் அச்சமாஜத்தின் தொண்டர்களுள் ஒருவர். பிரசாந்தர் பிரம்ம பாலர் பாடசாலையிலும், பின்னர்ப் பிரஸிடென்ஸி கலாசாலையிலும் பயின்று, 1912-இல் பௌதிகத்தில் தேறினார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அக்கலாசாலையில் போதித்த காலம் அது. மறு ஆண்டு அவர் லண்டனில் பயிலும் நோக்கத்துடன் இங்கிலாந்து சென்றார். ஒருநாள் கேம்பிரிட்ஜைக் காணச் சென்று, கிங்ஸ் கல்லூரியின் தேவாலயத்தைக் கண்டு மயங்கி நின்று, திரும்பும் கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு ஒரு நண்பரின் அறையில் தங்கி, அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். ஒரு நாட்டின் கணக்கு முறை மாறியதற்கு ஒரு ரயில் தவறியதும் ஒரு காரணம் போலும்!

கேம்பிரிட்ஜில் அவருக்கு வாய்த்த நண்பர் நம் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமாநுஜன். குளிர்காலத்து நாளொன்றில் மகலனோபிஸ் அவருடைய அறைக்குச் சென்று, இரவு நன்கு உறங்குகிறீரா என்று வினவினார். குளிர் தாங்காமல் மேற்சட்டையுடன் சால்வையும் போர்த்து உறங்குவதாக இராமாநுஜன் கூறினார். மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் விரிப்பின் அடியில் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றின் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல் நம்மவர் மேல் விரிப்பின்மீதே படுத்து வந்தார். நண்பர் கம்பளியை விலக்கிக் காட்டி, படுக்கும் முறையைக் கற்பித்தார்.

மற்றொரு நாள், 1914-ஆம் ஆண்டின் இறுதியில், மகலனோபிஸ் ஸ்டிராண்ட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த புதிர் ஒன்றைக் கொண்டு சென்றார். ஒரு தெருவில் ஐம்பதிற்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் உள்ளன. ஒரு வீட்டிற்கு இடப்புறத்து வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் ஒத்திருக்கின்றன. அவ்வீட்டின் எண் யாது? மகலனோபிஸ் சில நிமிஷங்கள் முயன்று, மொத்தம் 288 வீடுகள், விடை 204 என்று கண்டிருந்தார். அடுப்பில் சமையல் செய்துகொண்டிருந்த இராமாநுஜன் கேட்ட மாத்திரத்தில் ஒரு தொடர்பின்னத்தைக் கூறினார். அதனுள் அவ்வொரு தெருவிற்கு மட்டுமன்றி, அத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை அடங்கியிருந்தது. இக்கதையை இராமாநுஜனின் பெருமைக்கே எல்லாரும் எடுத்துக் கூறுவர். நாம் மற்றவரையும் நோக்குகிறோம். முயன்று, எண்ணிப் பார்த்து, விடை காணும் சாதாரண மனிதரின் வழி மகலனோபிஸுடையது. பிற்காலத்தில் அவர் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதரைக் கொண்டு பெருங்கணக்குகளைச் செய்து முடித்தார். இராமாநுஜன்களை எதிர்பார்த்து எந்த அலுவலகமும் நடத்தவியலாது அன்றோ?

1915-இல் பௌதிகத்தில் முதல் வகுப்பிற் தேறி, விடுமுறைக்குத் தாயகம் திரும்பப் புறப்பட்டார். யுத்தத்தின் காரணமாகக் கப்பல் தாமதித்தது. அந்நாட்களில் ஆசிரியர் மெக்காலே என்பார் கல்லூரிப் புத்தகசாலையில் பயோமெட்ரிகா என்னும் பத்திரிகையின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். உயிர்களின் அளவுகளைக் கணக்கால் ஆராயும் பத்திரிகை அது. அவர் அத்தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். கல்கத்தா வந்தவர் பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிக ஆசிரியராக அமர்ந்தார். ஆராய்ச்சிக்காக இங்கிலாந்து திரும்பும் எண்ணம் கைவிடப்பட்டது. 1948 வரை அக்கலாசாலையே அவருக்கு வீடு. இறுதி மூன்றாண்டுகள் அதன் தலைவரும் அவரே. 1921 முதல் பத்தாண்டு ரவீந்திரநாத் தாகூரின் விசுவபாரதிக்குச் செயலாளராகவும் இருந்தார். 1923-இல் நிர்மலகுமாரியை மணந்தார்.

பௌதிகம் போதித்தவரைப் புள்ளிவிவர சாஸ்திரத்தின் பக்கம் இழுத்தவை வெள்ளங்கள் எனலாம். 1922-இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. நீரைத் தேக்கும் அணைகள் கட்டவேண்டும் என்று யந்திர நிபுணர் கூறினர். மகலனோபிஸ் பல ஆண்டு மழைக்கணக்குகளையும் வெள்ளக்கணக்குகளையும் ஆராய்ந்து, வேண்டியது தேக்கமன்று, நீர் விரைந்து வடிவதற்கு வழியே என்றார். 1926-இல் ஒரிசாவில் பிராமணி நதி பெருகியது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது. ஆகவே கரைகளை உயர்த்துக என்றனர் நிபுணர். இவர் சுமார் அறுபதாண்டுக் குறிப்புகளைச் சோதித்து, படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று நாட்டினார். இரு முறையும் அவர் புதிதாக எதையும் அளக்கவில்லை. கச்சேரிகளின் அலமாரிகளிலே உறங்கிக் கிடந்த ஏடுகளை ஓரிடத்திற் சேர்த்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார், அவ்வளவே. சிதறிக் கிடக்கும் ஏடு ஊமை, சேர்த்து வைத்த ஏடு பேசும் என்னும் உண்மை அவருக்கு அப்பொழுதே விளங்கிவிட்டது. களஞ்சியம் என நாம் தலைப்பிட்டதன் வித்து இதுவே.

கலாசாலையில் தம் அறையின் ஒரு பகுதியையே புள்ளிவிவர ஆய்வுக்கூடமாக அமைத்திருந்தார். 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் கூடிய கூட்டத்தில் இந்தியப் புள்ளிவிவர இன்ஸ்டிட்யூட் உருவாயிற்று. முதலாண்டின் செலவு ரூபாய் 238. 1933-இல் சங்கியா என்னும் பத்திரிகையும் பிறந்தது. அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் யந்திரத்தைக் குறித்ததன்று. கூலிக்குக் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. அம்மனிதர் வரிசை வரிசையாக மேசைமுன் அமர்ந்து, கட்டமிட்ட பெருந்தாள்களில் எண்களை எழுதி, கையால் சுழற்றும் சிறு யந்திரங்களின் துணையுடன் பெருக்கியும் கூட்டியும் சென்றனர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்து, விடைகளை ஒப்பு நோக்குவது அத்தொழிலின் வழக்கம். இன்றைய மாணவர் ஒரு விசையை அழுத்திப் பெறும் விடையின் பின்னே, பெயர் எழுதப்படாத அம்மனிதரின் முதுகு வலி இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி அவர் வாழ்வின் நடுவேலைக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி முறை இருந்தமையால் ஊர்தோறும் கர்ணமும் அடங்கலும் இருந்தன, குறையுடையனவாயினும் இருந்தன. வங்காளத்திலோ சாசுவத நிலவரி ஒப்பந்தம். ஜமீன்தார் செலுத்தும் வரி மாறாதாகையால், ஊர்ப் பயிரை ஆண்டுதோறும் பதியும் ஆளை வைக்கவேண்டிய அவசியம் சர்க்காருக்கு இல்லை. பயிர் மதிப்பு, ஊர்க்காவல் சௌக்கிதாரும் போலீஸ் தாணாவும் சொல்வதாய் இருந்தது. சணலோ வங்காளத்தின் பொன், அதன் விளைவு இவ்வளவு என்று முன்னரே அறியாவிடின், விலை வணிகரின் கையில் ஆடும், குடியானவன் கெடுவான். ஆகவே 1937 முதல் மகலனோபிஸ் மாதிரிக் கணக்கெடுப்பைச் சோதித்துப் பார்த்தார்.

மாதிரிக் கணக்கெடுப்பு என்பது யாது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம் தாய்மார் அறிவர். ஆயினும் எந்தச் சோற்றை எடுப்பது என்பதிலேதான் சாஸ்திரம் உள்ளது. மேலே மிதக்கும் சோற்றை எடுத்தால் ஏமாறுவோம். கிளறி, கண்ணை மூடி எடுக்கவேண்டும். அவ்வாறே நில வரைபடத்தின்மீது, மனிதர் விருப்பம் புகாவண்ணம், சீட்டுக் குலுக்கல் போன்ற எண் வரிசையால் புள்ளிகளைக் குறித்து, அப்புள்ளிகள் விழுந்த நிலங்களுக்கு மட்டும் ஆட்களை அனுப்பினார். சாலையோரத்து வயல் எளிது, சதுப்பில் உள்ளது அரிது என்று எவரும் தேர்ந்து கொள்ளவியலாது.

இதன்மேல் அவர் சேர்த்த ஒன்றே அவருடைய மேதை என்பது எம் கருத்து. ஒரே பிரதேசத்திற்கு மாதிரியை இரண்டாகவோ பலவாகவோ பின்னிப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆட்களிடம் ஒப்படைத்தார். ஒரு கூட்டத்தார் செய்வதை மற்றவர் அறியார். முடிவில் இரு தொகைகளும் நெருங்கி நின்றால் நம்பலாம். விலகினால் எங்கோ ஒருவர் மரத்தடியில் அமர்ந்து எழுதிவிட்டார் என்று பொருள். கணக்கெடுப்பவரை நல்லவர் என்றும் அவர் எண்ணவில்லை, தீயவர் என்றும் எண்ணவில்லை. மனிதர் என்று எண்ணினார். பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் வழியை முறைக்குள்ளேயே வைத்தார். தாவீது ஜனங்களைத் தொகையிட்டதனால் நேர்ந்த துன்பத்தை வேதத்திற் படித்த நம்மவர்க்கு, எண்ணுவதிலும் ஓர் அடக்கம் வேண்டும் என்பது புதிதன்று.

சில ஆண்டுகளுள் பலன் தெரிந்தது. ஒரு சணல் பருவத்தில், ஒவ்வொரு நிலமாகச் சென்று எடுத்த முழுக்கணக்கு சுமார் 63 லட்சம் பேல் என்றது. மாதிரிக் கணக்கு சுமார் 75 லட்சத்து 40 ஆயிரம் என்றது. பின்னர்ச் சுங்கச்சாவடியிலும் வியாபாரத்திலும் சென்ற சரக்கைக் கூட்டிப் பார்த்தபொழுது சுமார் 75 லட்சத்து 60 ஆயிரம் ஆயிற்று. முழுக்கணக்கிற்கு 33 ஆயிரம் ஆட்களும் 82 லட்சம் ரூபாயும் ஆயின. மாதிரிக் கணக்கிற்கு 600 ஆட்களும் 8 லட்சம் ரூபாயுமே. ஆள் பெருகப் பெருகப் பிழையும் பெருகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அவர் கூறியது எல்லாம் சரியாயிருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஏக்கருக்கு விளைவை அறிய, வயலில் மிகச் சிறிய வட்டங்களை அறுத்து நிறுத்தால் போதும் என்றார் அவர். பி. வி. சுகாத்மே என்னும் மற்றொரு புள்ளிவிவர அறிஞர் இதனை மறுத்தார். சிறு வட்டத்தில் விளிம்பிலுள்ள தூரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற ஐயம் அடிக்கடி வரும்; அறுப்பவர் கை தூரை உள்ளேயே சேர்க்கும்; ஆகவே விளைவு மிகையாய்த் தோன்றும் என்று சோதனையால் காட்டினார். இருவருக்கும் நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. நாம் அறிந்தவரை இவ்விஷயத்தில் சுகாத்மேயின் பக்கமே வலியது. இன்றும் நம் நாட்டில் நெல்லுக்குப் பயிர் அறுவடைச் சோதனை ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் நடைபெறுவதைக் காணலாம்.

1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். அரிசி எவ்வளவு உள்ளது, யாரிடம் உள்ளது என்பதற்கு நம்பத்தக்க கணக்கு சர்க்காரிடம் இல்லை. சணலுக்குக் கணக்கு இருந்தது, சோற்றுக்கு இல்லை. ஏனெனில் சணல் கப்பலேறியது. பஞ்சம் தணிந்தபின், 1944-45-இல் மகலனோபிஸின் ஆட்கள் 386 கிராமங்களில் 15,769 குடும்பங்களை நேரிற் கண்டு, யார் யார் நிலத்தையும் மாட்டையும் இழந்தனர் என்று கேட்டெழுதினர். பஞ்சத்திற்கு முன் நெல் நிலம் உடையவராயிருந்த 65 லட்சம் குடும்பங்களுள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம், ஓராண்டிற்குள் தம் நெல் நிலம் முழுவதையும் இழந்தமை அதனால் வெளிப்பட்டது. ஆயினும் அக்கணக்கு இறந்தவரைக் காக்க வரவில்லை, பின்னரே வந்தது. கணக்கு காலத்தில் வரவேண்டும் என்னும் வேகம் அவருக்கு அதற்குப்பின் தணியவே இல்லை. யந்திரங்களை அவர் நாடியதற்கு இதுவே அடிப்படை என்று நாம் கொள்கிறோம்.

நாடு விடுதலை பெற்றது. 1949-இல் அவர் மத்திய சர்க்காருக்குக் கௌரவப் புள்ளிவிவர ஆலோசகரானார். 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்றுத் தொடங்கிற்று; நாடெங்கும் தெரிந்தெடுத்த 1,833 கிராமங்கள். கணக்கெடுப்போர் பல பாஷை பேசும் ஊர்களுக்குச் சென்றனர். படியும் மரக்காலும் சேரும் மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. நாட்டிற்குப் பொதுவான மெட்ரிக் அளவைகளுக்குச் சட்டம் பிறந்ததே 1956-இல்தான். கொல்லிமலைக் குடியானவர் படிவிதைக் கணக்குச் சொல்வதுபோல், ஒவ்வோரிடத்திலும் ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார். அவற்றை எல்லாம் ஒரே அளவிற்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது.

நிரப்பிய படிவங்கள் தபாலிற் கல்கத்தா சேரும். அங்கே முதலில் ஒருவர் படித்துப் பொருந்தாதவற்றைக் குறிப்பார். அடுத்தவர் ஒவ்வொரு விடைக்கும் எண்குறி இடுவார். அதன்பின் அவ்வெண்கள் அட்டைகளில் துளைகளாக இடப்படும். மற்றொருவர் மீண்டும் துளையிட்டுச் சரிபார்ப்பார். பின்னர் அட்டைகள் யந்திரத்தில் ஓடும். துளை அட்டை யந்திரத்தை அமெரிக்கரான ஹெர்மன் ஹாலரித் 1890-ஆம் ஆண்டின் குடிக்கணக்கிற்காக இயற்றினார். ஏட்டில் எழுதியதை ஒருமுறை கூட்டலாம். துளை அட்டையையோ ஊர்வாரியாகவும், தொழில்வாரியாகவும், வருமானவாரியாகவும் வேண்டும்போதெல்லாம் மறுபடி பிரித்தெண்ணலாம். ஒருமுறை சேர்த்து வைத்தால் பல வினாக்களுக்கு விடை தரும் களஞ்சியம் என்பது அப்பொழுதே கண்கூடாயிற்று. அட்டைகள் பெருகின, அறிக்கைகளோ ஆண்டுக்கணக்கில் தாமதித்தன. பலரும் குறை கூறினர், குறை நியாயமானதே.

மகலனோபிஸ் மின்னணுக் கணிப்பொறியை நாடினார். அமெரிக்காவிலிருந்து பெரிய யந்திரம் ஒன்றைப் பெற முயன்றும் கைகூடவில்லை. இங்கிலாந்தில் செய்த எச்.ஈ.சி.-2எம் என்னும் சிறிய யந்திரம் கப்பலில் வந்து, இன்ஸ்டிட்யூட்டின் இளைஞர் கையால் பொருத்தப்பட்டு, 1956-இல் இயங்கத் தொடங்கிற்று. இந்தியாவில் இயங்கிய முதல் இலக்கக் கணிப்பொறி அதுவே. அதன் நினைவு ஒரு காந்த உருளை. அதில் 1,024 சொற்களுக்கே இடம். இன்று மாணவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது நெல்மணியும் மலையும். அதன்பின் சோவியத் நாட்டின் யூரல் யந்திரமும் வந்தது. இந்நிலையில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் அமைப்பிலும் அவர் கை இருந்தது; அது பொருளாதார நூலோர் ஆராயவேண்டியது, விடுகிறோம்.

ஒன்று குறிக்கத் தக்கது. யந்திரம் வந்தபின்னும் அவர் பின்னிய மாதிரிகளை விடவில்லை. கூட்டல் பிழையை யந்திரம் ஒழிக்கும். வயலுக்குச் செல்லாமல் எழுதிய எண்ணை அது எவ்வாறு அறியும்? பொய்யான எண்ணும் துளை அட்டையில் அழகாகவே விழும். சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குப் பொன் பூசுவோர் பலர். முதற் கண்ணியைத் தட்டிப் பார்த்தவர் அவர்.

அவருடைய குறைகளையும் சொல்ல வேண்டும். தாம் நிறுவிய ஸ்தாபனத்தைச் சுமார் நாற்பதாண்டு தம் கையிலேயே வைத்திருந்தார். மாறுபட்ட கருத்தை எளிதிற் பொறுப்பவரல்லர். ஒரே மனிதர் சர்க்காருக்கு ஆலோசகராகவும், அச்சர்க்காரின் கணக்கைச் செய்யும் ஸ்தாபனத்திற்குத் தலைவராகவும் இருப்பது தகுமோ என்ற வினா எழுந்ததில் வியப்பில்லை. 1970-இல் சர்க்கார் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பிற்குத் தனி ஸ்தாபனம் அமைத்து, அதுகாறும் இன்ஸ்டிட்யூட் செய்து வந்த வேலைகளையும் அதன்கீழ்க் கொணரத் தீர்மானித்தது. இருபதாண்டு வளர்த்த பிள்ளை பிரிந்ததுபோல் ஆயிற்று. 1945-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும், 1968-இல் பத்மவிபூஷணும் பெற்ற அம்முதியவர், 1972 ஜூன் 28-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், கல்கத்தாவில் உயிர் நீத்தார். 2007 முதல் ஜூன் 29 நாட்டின் புள்ளிவிவர நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் தொடங்கிய கணக்கெடுப்பு நின்றுவிடவில்லை. தபாற்பையும் துளை அட்டையும் மறைந்தன. இன்று கணக்கெடுப்பவர் கையில் பலகைக் கணிப்பொறி உள்ளது. ஐந்து வயதுப் பிள்ளையை மணமானவர் என்று பதிய முயன்றால், அவ்வீட்டு வாசலிலேயே யந்திரம் தடுத்துக் கேட்கிறது. கல்கத்தாவில் ஒருவர் மாதங்கழித்துக் குறித்த பிழை நொடியிற் பிடிபடுகிறது. எழுதியது நேரே மத்தியக் களஞ்சியத்தை அடைகிறது. பெயர் நீக்கிய குடும்பவாரிக் குறிப்புகளை ஆராய்ச்சி மாணவரும் பெறலாம். மாதிரியை இரண்டாகப் பிரிக்கும் அவருடைய பழைய வழக்கமும் அதனுள் தொடர்ந்து வந்துளது.

அடங்கலும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த எண்முறைப் பயிர்க் கணக்கெடுப்பிற்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் அனுப்பப்பட்டனர். வயலின் எல்லைக்குள் நின்றாலன்றி அச்செயலி படம் ஏற்காது. ஆகவே மரத்தடியில் அமர்ந்து எழுதுதல் அரிது. பாம்பும் சேறும் உள்ள வயல்களில் மாணவரை அலையவிடுவது முறையோ என்று பெற்றோரும் பிறரும் வினவினர். முதற் கண்ணி இன்றும் மனிதரின் காலிலேயே உள்ளது என்பதற்கு அது சான்று.

கொல்லிமலைக்குச் சமவெளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்லவேண்டும். செம்மேட்டிற்கு அப்பால், பதினான்கு நாடுகளாய்ப் பிரிந்த ஊர்களுள் ஒன்றில், பலகைக் கணிப்பொறியுடன் ஒருவர் சாமைக் காட்டின் ஓரத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலைவரிசை எட்டாவிடினும் தாழ்வில்லை. பதிந்ததை யந்திரம் தன்னுள் வைத்திருந்து, கீழிறங்கியதும் அனுப்பிவிடும். பரப்பு என்னும் கட்டம் ஏக்கரோ ஹெக்டேரோ கேட்கிறது. எதிரே நிற்கும் மலையாளி முதியவர் சரிவை மேலும் கீழும் நோக்கி, நாலு படி விதைக்கும் காடு என்கிறார். படிக்கு எவ்வளவு நிலம் என்று அவர் யந்திரத்தைக் கேட்பதா, முதியவரைக் கேட்பதா?